கேள்விக்கு முதலில் பதில்

அரியலூர்
6-6-2004, ஞாயிறு

அன்புள்ள சுந்தரத்துக்கு,

முழங்கால் வலி இருக்கிறது. அதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உன் சர்க்கரை எவ்வளவில் நிற்கிறது, உன் வீட்டுக்காரர் ராசாங்கத்தின் இருமல் விட்டதா என்று எழுது.

எதிர் வீட்டு சாமிதுரை நேற்று பெரம்பலூரில் ஆபீஸ் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே இங்கே வந்து, நீ கொடுத்தனுப்பிய பொட்டலத்தைக் கொடுத்தார். ஈரச் சாக்கில் சுற்றி, அதன் மேல் பாலிதீன் சுற்றி, அதற்கும் மேல் ஒரு பழைய செய்தித்தாள். வேரில் மண் உதிரவில்லை. கட்டியது நீயாக இருக்க முடியாது. உனக்கு ஒரு புடவையைக் கூட ஒழுங்காகப் பொட்டலம் கட்ட வராது.

செடியில் ஏழு இலைகள். பூனை நாக்கைப் போலச் சொரசொரப்பாக இருக்கின்றன. இது என்ன செடி என்று நீ எழுதவில்லை. "ஒரு புதுப் பூச்செடி, உங்களுக்குப் பிடிக்கும்" என்று துண்டுத்தாளில் எழுதினால் போதுமா? பெயர் தெரியாத செடியை நான் தோட்டத்தில் வைத்ததில்லை. பெயர், எங்கிருந்து வந்தது, எவ்வளவு உயரம் வளரும், தண்ணீர் எப்படி, எல்லாவற்றையும் வரிசையாக எழுது.

போன மாதக் கடிதத்தில் நீ பிரவீணாவைப் பற்றி ஆரம்பித்திருந்தாய். எட்டு வருஷத்துக்கு முன் பெற்ற தாய் என்னைக் கேட்காமல், திருமானூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிற வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள். அதைக்கூட ஒரு நாள் விழுங்கியிருப்பேன். அப்பா காலமானதற்குத் தந்தி போயும் வராதவள் அவள். பெற்ற தகப்பன் முகத்தைப் பார்க்க வராதவளுக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது? அந்தப் பெயரை இனி எழுதாதே.

நாம் படித்த கான்வென்ட் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை கடிதம் எழுதும்போது மதர் சொன்னது நினைவிருக்கட்டும். வந்த கடிதத்தில் உள்ள கேள்விக்கு முதலில் பதில். உன் கதை பிறகு.

இப்படிக்கு,
உன் அக்கா
கமலவேணி


பெரம்பலூர்
15-6-2004

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நல்லபடியாக இருக்கிறோம். சர்க்கரை நூற்று எண்பது. அவருக்கு இருமல் நின்றுவிட்டது. முழங்காலுக்குச் சூட்டு ஒத்தடம் மட்டும் போதாது, டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்விக்குப் பதில். செடியின் பெயர் எக்கினேசியா. சூரியகாந்திக் குடும்பம். பூவின் நடுவே முள்ளு முள்ளாகக் கூம்பு எழும்பும், அதைச் சுற்றி இதழ்கள் தொங்கும். நாங்கள் கூம்புப்பூ என்று சொல்லிக்கொள்கிறோம். சாதாரணமாக இடுப்பளவு வளருமாம். இது குட்டை ரகம், முழங்காலுக்கு மேல் போகாது. எங்கள் பின்கட்டில் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் ஓசூரில் ஒரு பூப்பண்ணையில் வேலை பார்த்தவள். சோதனைக்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்த செடிகளாம். தண்டு குட்டையாக இருந்தால் பூக்கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள் என்று பண்ணையில் கழித்துப் போட்டுவிட்டார்கள். தூக்கி எறிய மனமில்லாமல் மூன்று தூரை எடுத்து வந்திருக்கிறாள். ஒன்றுதான் உங்களிடம் இருக்கிறது. அவள் புருஷன் கென்யாவில் ரோஜாப் பண்ணையில் வேலைக்குப் போயிருக்கிறான். விசா வந்ததும் இவளும் போகிறாள். பொங்கல் கழிந்து கிளம்ப வேண்டியிருக்கும்.

வளர்க்கும் முறையை அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். தண்ணீர் தேங்காத மேடான இடம் வேண்டும். அரியலூர் சுண்ணாம்பு மண்ணைத் தாங்கிக்கொள்ளும். வேரும் தண்டும் சேருகிற கழுத்து மண்ணுக்குள் புதையக்கூடாது. சாண எரு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், கொழுத்தால் சாய்ந்துவிடும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். கடலைத்தோலை மேலே பரப்பலாம், கழுத்தைத் தொடாமல். காலை வெயில் முழுக்க வேண்டும், இரண்டு மணிக்கு மேல் நிழல் வேண்டும். கிணற்றுக்கு மேற்கே மாதுளை நிழல் விழுகிற இடம் சரியாக இருக்கும்.

அன்புடன்,
சுந்தராம்பாள்


அரியலூர்
27-6-2004, ஞாயிறு

அன்புள்ள சுந்தரத்துக்கு,

டாக்டரிடம் காட்டினேன். மாத்திரை கொடுத்திருக்கிறார். நூற்று எண்பது அதிகம். இனிப்பை நிறுத்து.

செடியை நட்டுவிட்டேன். பழைய செங்கல்லை வரிசையாக வைத்து ஒரு சாண் மேடு கட்டி, ஆற்றுமணல் பாதி, நம் மண் பாதி கலந்தேன். கழுத்து வெளியே தெரிகிறது. ரோஜாவுக்கு இரண்டு கூடை எரு போடுகிறவள் நான். இதற்கு ஒரு கைப்பிடி போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னபடி செய்தேன். ஒவ்வொரு ஞாயிறும், அவர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த நாளிலிருந்து மேஜையில் வைத்திருந்த மர அளவுகோலால் உயரம் அளந்து எழுதி வைக்கிறேன். இன்று பதினோரு சென்டிமீட்டர்.

இடம் கிணற்றுக்கு மேற்கேதான். மாதுளை நிழல் இல்லை. இரண்டு தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்திருக்கிறேன். மாதுளையை 97 தை மாதம் வெட்டினேன். அன்றைக்கு நீ இங்கேதான் இருந்தாய். வெட்டிய கிளைகளைத் தெருவுக்கு இழுத்துப் போட்டதே நீயும் ராசாங்கமும்தான். உன் புறங்கையில் முள் கீறி மஞ்சள் வைத்துக் கட்டினேன். ஏன் வெட்டினேன் என்று நீ அன்று கேட்கவில்லை. இப்போதும் கேட்க வேண்டாம்.

அந்த மரம் இன்னும் நிற்கிறது என்று உன் கடிதம் நினைக்கிறது. உனக்கு மறதி வந்துவிட்டதா, அல்லது சொல்லச் சொல்ல எழுதினாயா?

உன் பின்கட்டில் குடியிருப்பவளுக்கு என்ன வயது? எந்த ஊர்? பெயரை எழுதவே இல்லையே.

இப்படிக்கு,
உன் அக்கா


பெரம்பலூர்
3-8-2004

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ள வேண்டாம். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தேன். இப்போது தேவலை. நீங்கள் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறீர்களா?

மாதுளை விஷயம் காய்ச்சலுக்கு முன்பே வந்த மறதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதாகிறது.

அந்தப் பெண்ணின் பெயர் மலர்கொடி. முப்பது, முப்பத்தொன்று இருக்கும். ஊர் பாடாலூர்ப் பக்கம். நல்ல பெண். எங்களோடுதான் சாப்பிடுகிறாள். அவரிடம் வாயடிக்கிறாள். நேற்று அவர் கூம்புப்பூத் தொட்டிக்குச் சொம்பு நிறையத் தண்ணீர் ஊற்றப் போனார். "சித்தப்பா, செடி உங்களை மாதிரி இல்ல. தாகம் எடுத்தாத்தான் குடிக்கும்" என்றாள். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அரைமணி நேரம் சிரித்தார்.

உங்கள் செடிக்கு முதல் மொட்டு வந்தால் அதைக் கிள்ளிவிட வேண்டுமாம். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் நட்ட முதல் வருஷம் வேர் பிடிக்கிற பலமெல்லாம் பூவுக்குப் போய்விடும் என்கிறாள். இரண்டாவது மொட்டை விட்டுவிடலாம். கிள்ளும்போது நகத்தால் கிள்ளாமல் கத்தரியால் வெட்டச் சொன்னாள்.

பண்ணையில் இது பத்து நிறங்களில் இருந்ததாம். உங்களுக்கு வந்தது எந்த நிறம் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். "பூத்ததும் அவங்களே எழுதட்டும்" என்கிறாள்.

அன்புடன்,
சுந்தராம்பாள்


அரியலூர்
22-8-2004, ஞாயிறு

சுந்தரத்துக்கு,

உன் காய்ச்சல் தணிந்தது நல்லது. நான் நலம்.

முதல் மொட்டு உன் கடிதம் வந்த மறுநாளே தெரிந்தது. பட்டாணி அளவு, பச்சை நிறம். கத்தரியால் வெட்டினேன். செடியின் உயரம் இருபத்திரண்டு சென்டிமீட்டர்.

போன புதன்கிழமை சாமிதுரையிடம் உனக்கு மோர்மிளகாய் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்து வாசலிலேயே நின்றுகொண்டு செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்கம்மா. அங்க ஒரு பொண்ணு கதவைத் தொறந்துச்சு. நம்ம ஸ்டேஷன் மாஸ்டர் அய்யா எதிர்ல நிக்கிற மாதிரியே இருந்துச்சு, அந்தப் புருவமும் அதுவும்" என்றார். பிறகு தானே பயந்து, "எனக்குக் கண்ணு சரியில்லீங்க" என்று போய்விட்டார்.

அவர் கண் சரியாகத்தான் இருக்கிறது.

மாதுளை என்று நீ எழுதிய அன்றே எனக்குத் தெரியும். அந்த மரம் நிற்கிறது என்று இந்த உலகத்தில் ஒருத்திதான் நினைக்க முடியும். நீயாகச் சொல்வாய் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன். நீ எனக்கு மலர்கொடி என்று ஒருத்தியை உண்டாக்கி, ஊரும் கொடுத்து, சித்தப்பா என்று கூப்பிடவும் வைத்தாய். குடித்தனக்காரப் பெண் உன் புருஷனை ஏன் சித்தப்பா என்று கூப்பிடுகிறாள் என்று கூடவா யோசிக்கவில்லை?

அவள் பெயரை எழுதக்கூடாது என்று சொன்னேன். உன் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியிராது என்று நினைத்தேன்.

புதன்கிழமை சாயந்தரம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். செடியைப் பெயர்த்து அதே சாக்கில் கட்டி மறுநாள் பஸ்ஸில் அனுப்பிவிடுவது என்றுதான் போனேன். இரண்டாவது மொட்டு வந்திருந்தது. மொட்டோடு இருக்கும் செடியைப் பெயர்ப்பது முறையில்லை. அதனால் விட்டுவைத்தேன். வேறு காரணம் எதுவும் நீ கற்பித்துக்கொள்ள வேண்டாம்.

கமலவேணி


பெரம்பலூர்
2-9-2004

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். மோர்மிளகாய் வந்தது. ஒருத்தி நாலைந்தாகச் சாப்பிடுகிறாள்.

மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பிரவீணா மே மாதக் கடைசியில் வந்தாள். அவள் புருஷன் கண்ணையன் கென்யா போன பிறகு ஓசூரில் வீட்டைக் காலி செய்துவிட்டு, விசா வரும் வரை தங்க இடமில்லாமல் வந்தாள். கையில் ஒரு பெட்டி, ஒரு கூடையில் மூன்று செடி. கென்யாவுக்கு மண்ணோடு செடி கொண்டுபோக விட மாட்டார்களாம். "ஒண்ணு அம்மாகிட்ட இருக்கட்டும் சின்னம்மா. யார் கொடுத்ததுன்னு சொல்லாதீங்க, வச்சுக்க மாட்டாங்க. தெரியாம இருந்தா நல்லா வளர்ப்பாங்க" என்றாள். பொய் சொன்னது நான். அவளைத் திட்டாதீர்கள்.

இரண்டாவது மொட்டு என்று நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

இப்போது நான் எழுதப்போவதை எழுதாமல் மூன்று மாதமாக வைத்திருக்கிறேன். அவள் வந்த முதல் வாரத்தில் ஒரு நாள் எனக்குக் கோபம் வந்து கேட்டுவிட்டேன். அத்தான் போனதற்குத் தந்தி வந்தும் வராதவள் இப்போது எந்த உரிமையில் அம்மா என்கிறாய் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. தந்தி எதுவும் வரவில்லையாம். அத்தான் போன செய்தியே அவளுக்கு மூன்று வாரம் கழித்து, அரியலூரில் இருந்து போன ஒரு பள்ளிக்கூடத் தோழி சொல்லித்தான் தெரியுமாம். தனக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள், இனி எந்த முகத்தோடு போய் நிற்பது என்று இருந்துவிட்டாளாம்.

நாலு வருஷமாக நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசுகிறார்கள். நானும் பேசினேன். அதனால் கேட்கிறேன். அக்கா, தந்தி கொடுத்தீர்களா?

சுந்தராம்பாள்


அரியலூர்
10-10-2004, ஞாயிறு

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் உடம்பும் ராசாங்கத்தின் உடம்பும் நன்றாக இருக்கட்டும். எனக்கு மாத்திரையில் வலி குறைந்திருக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமைக்குக் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போய் வந்தேன். கூட்டம் தாங்கவில்லை.

பூ விரிந்துவிட்டது. செடியின் உயரம் முப்பத்தெட்டு சென்டிமீட்டர். மொட்டு முதலில் பச்சைத் தட்டாக இருந்தது. அதன் ஓரத்தில் பச்சை நூல் மாதிரி இதழ்கள் நிமிர்ந்து நின்றன. பத்து நாள் அப்படியே நின்றன. பூவே இவ்வளவுதானோ என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக அகன்று, நிறம் ஏறியது. கத்தரிப்பூ நிறத்தில் கொஞ்சம் குங்குமம் குழைத்தது மாதிரி. நடுக்கூம்பு முதலில் பச்சை, பிறகு செம்பு நிறம். முள் நுனி மட்டும் ஆரஞ்சு. கையால் தடவினால் முள்ளாகத் தெரிகிறது, ஆனால் குத்தவில்லை. ஒரு பூ மூன்று வாரமாக வாடாமல் நிற்கிறது. சாமிதுரையின் மனைவி தலையில் வைத்துக்கொள்ளக் கேட்டாள். இது பறிக்கிற பூ இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நாலு பூவும் இரண்டு மொட்டும் இருக்கின்றன. இந்தக் கூம்பு காய்ந்து கறுத்ததும் விதை எடுக்கலாம் என்று நினைக்கிறேன். தாய்ச்செடி மாதிரியே குட்டையாக, இதே நிறத்தில் வருமா? விதையை ஈரமணலில் கலந்து ஒரு மாதம் பிரிட்ஜில் வைத்தால்தான் முளைக்கும் என்று நூலகத்தில் ஒரு புத்தகத்தில் பார்த்தேன். சரிதானா என்று கேட்டு எழுது. மழைக்காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கேள்.

உன் செப்டம்பர் கடிதம் வந்த அன்று இங்கே நல்ல மழை. தபால்காரர் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் பக்கம் நனைந்து மை கரைந்துவிட்டது. படிக்க முடியவில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா


பெரம்பலூர்
18-10-2004

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். முழங்கால் வலி குறைந்ததில் மகிழ்ச்சி.

நான் பால்பாயின்ட் பேனாவில் எழுதுகிறவள். அது கரையாது.

இரண்டாம் பக்கத்தை மறுபடி எழுதுகிறேன். தந்தி கொடுத்தீர்களா?

உங்கள் கேள்விகளுக்குப் பதில். விதைக்குக் குளிர்ச்சி வேண்டும், பிரிட்ஜ் சரிதான். ஆனால் இது கலப்பு ரகம். விதை போட்டால் தாய் மாதிரி வராது. சிலது இடுப்பளவு வளரும், சிலது வேறு நிறத்தில் பூக்கும். தாய் மாதிரியே வேண்டுமென்றால் தூரைப் பிரித்துத்தான் வைக்க வேண்டும், அதுவும் இரண்டு வருஷம் கழித்து. மழைக்காலத்தில் கழுத்து அழுகுவதுதான் இதற்குச் சாவு. கடலைத்தோலை எடுத்துவிடுங்கள். மழை நேராக விழாமல் ஏதாவது மறைப்புக் கட்டுங்கள். இலையெல்லாம் காய்ந்து போனாலும் செத்துவிட்டது என்று பிடுங்கிவிட வேண்டாம். தோண்டிக் கழுத்தை அமுக்கிப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது.

இதையெல்லாம் அவள் சொல்லி எழுதினேன். முதல் கேள்வி அவள் கேட்டதில்லை. அவள் இன்றுவரை கேட்கவில்லை. நான் உங்களுக்கு எழுதிவிட்டேன் என்று சொன்னதும் என் மேல் கோபப்பட்டாள். "ஏன் சின்னம்மா கேட்டீங்க? அம்மா கொடுத்திருப்பாங்க. நாங்க அந்த வருஷம் ரெண்டு தடவை வீடு மாறினோம். ஓசூர்லதான் எங்கயோ தொலைஞ்சிருக்கும். அம்மா செய்யாம இருக்க மாட்டாங்க, அவங்க முறை தவற மாட்டாங்க" என்றாள்.

அவள் நம்புகிறாள் அக்கா. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

கேள்விக்கு முதலில் பதில் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது மதர் இல்லை. ஆறாம் வகுப்பில் என் கடிதத்தை வாங்கிக் கிழித்து மறுபடி எழுத வைத்தது நீங்கள்தான்.

சுந்தராம்பாள்


பெரம்பலூர்
6-12-2004

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. விடுதியில் சேர்ந்த நாளிலிருந்து இத்தனை ஞாயிறு நீங்கள் எழுதாமல் இருந்ததில்லை. உடம்பு எப்படி என்று சாமிதுரையைக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்காங்க. மழையில செடிக்குக் குடை கட்டி வச்சிருக்காங்க, அய்யாவோட கறுப்புக் குடை. ஆனா பேச்சில்ல. எங்க வீட்டுக்காரி வாசல்ல நின்னு கூப்புட்டாக்கூட ம்ங்கிறதோட சரி" என்றார். நான் புறப்பட்டு வந்திருப்பேன். அவளைத் தனியாக விட்டுவிட்டு வர மனமில்லை, அவளைக் கூட்டிக்கொண்டு வர உங்கள் அனுமதி இல்லை.

விசா வந்துவிட்டது. ஜனவரி இருபத்திரண்டாம் தேதி சென்னையிலிருந்து விமானம். மூன்று வருஷ ஒப்பந்தம். உங்களுக்கு அறுபத்தெட்டு வயது. இதற்கு மேல் நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

பெட்டியில் என்ன வைப்பது என்று இப்போதே அடுக்குவதும் எடுப்பதுமாக இருக்கிறாள். நேற்று ஒரு கவரைக் காட்டினாள். அத்தான் ரயில்வே சட்டையில் நிற்கிற பழைய படம். எந்தத் தேதியில் போனார் என்று என்னிடம் கேட்டுப் பின்னால் எழுதிக்கொண்டாள். பெற்ற மகள் தகப்பன் போன தேதியை என்னிடம் கேட்டு எழுதுகிறாள்.

திட்டியாவது எழுதுங்கள்.

சுந்தராம்பாள்


அரியலூர்
4-1-2005, செவ்வாய்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

இன்று ஞாயிறு இல்லை. ஞாயிறு வரை காத்திருந்தால் எழுத மாட்டேன் என்று பயமாக இருந்தது. உடம்பு பரவாயில்லை. உங்கள் மூவரின் சுகமும் அறிய வேண்டும்.

கேள்விக்கு முதலில் பதில். கொடுக்கவில்லை.

அவர் போனது காலை ஒன்பதரைக்கு. தெருவில் யாருக்கு என்ன நடந்தாலும் தந்தி எழுத அவரிடம்தான் வருவார்கள். அதனால் மேஜை இழுப்பறையில் வெற்றுப் படிவங்கள் எப்போதும் இருக்கும். ஒன்றை எடுத்தேன். ஓசூர் முகவரி அவர் கையெழுத்தில் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. எனக்குத் தெரியாது என்று நினைத்து வைத்திருந்தார். நிதானமாக எழுதினேன். ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அதைத் திருத்தினேன். சாமிதுரை சைக்கிளோடு வாசலில் நின்றுகொண்டு, "கொடுங்கம்மா, ஒரே மிதியில போயிட்டு வந்துடறேன்" என்றார்.

படிவம் கையில் இருந்தது. அவள் வருவாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அவனோடு வருவாள். என் அண்ணன் தம்பிமார், உடையார்பாளையத்துப் பங்காளிகள், எல்லோருக்கும் முன்னால் அவன் தலைமாட்டில் நிற்பான். எல்லோரும் அவனைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் நினைத்தது அவ்வளவுதான். புருஷன் கூடத்தில் கிடக்கிறார், நான் அதை நினைத்துக்கொண்டு நின்றேன். "வேண்டாம் சாமிதுரை, ஸ்டேஷன்லேருந்தே அனுப்பியாச்சு" என்றேன். படிவத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மதியத்துக்குள் மனம் மாறியிருக்கலாம். மாறவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு எடுத்தார்கள். எடுக்கும்போது உன் மாமியார், "பொண்ணு இன்னும் வல்லியா?" என்று கேட்டாள். தந்தி போய்விட்டது என்று சொன்னேன். அதற்குப் பிறகு அதைச் சொல்வது சுலபமாகிவிட்டது. பதினாறாம் நாள் வரை வந்தவர்கள் எல்லோரும் அவளைத் திட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் நான் காபி ஆற்றிக் கொடுத்தேன். ஒரு வருஷம் போனதும், அவள் நிஜமாகவே வராமல் போனதாகவே நான் கோபப்பட ஆரம்பித்துவிட்டேன். இதை நீ நம்ப மாட்டாய். ஆனால் அப்படித்தான் நடந்தது.

உன் அக்டோபர் கடிதத்தில் அவள் சொன்னதாக எழுதியிருந்தாயே, அம்மா முறை தவற மாட்டாங்க என்று. அதை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. அவள் என்னைத் திட்டியிருந்தால் அந்த வாரமே பதில் எழுதியிருப்பேன்.

செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடை கட்டியும் பயனில்லை. கார்த்திகை மழையில் மேலிருந்து ஒரு சொட்டு விழவில்லை, அடியிலிருந்து ஊறிவிட்டது. செங்கல் மேடு ஒரு சாண் போதவில்லை. அது என் தப்பு, அவள் சொன்னது மேடான இடம். இலை எல்லாம் கறுத்துச் சரிந்தன. அவள் சொன்னபடி பிடுங்காமல் தோண்டிப் பார்த்தேன். கழுத்தில் ஒரு பக்கம் விரல் பட்டதும் குழைந்தது. இன்னொரு பக்கம் கெட்டி. காய்கறிக் கத்தியைச் சுடவைத்து அழுகலைச் சீவி எடுத்தேன். மிஞ்சியது மூன்று துண்டு. சாம்பல் தடவி, வெறும் ஆற்றுமணலில் மூன்று தொட்டியில் வைத்து, மழை படாமல் சமையல்கட்டு ஜன்னலுக்கு வெளியே வைத்திருக்கிறேன். இரண்டு வருஷம் கழித்துத்தான் பிரிக்க வேண்டும் என்று தெரியும். எனக்கு வேறு வழி இல்லை. இன்று காலை ஒன்றில் துளிர் தெரிகிறது, ஊசி முனை அளவு. மற்ற இரண்டைப் பற்றி எனக்குத் தெரியாது. அவள் பார்த்தால் தெரியலாம்.

இந்தக் கவருக்குள் ஒரு படிவம் இருக்கிறது. நாலு வருஷமாக ஆங்கில அகராதிக்குள் இருந்தது. மடித்த இடத்தில் கொஞ்சம் பழுத்திருக்கிறது, மற்றபடி எழுத்து தெளிவாக இருக்கிறது. நீ படித்துவிட்டு அவளிடம் கொடு. நான் எழுதியதையும் காட்டு. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை. தந்தி தொலைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவள் விமானம் ஏறக்கூடாது. அது யாரிடம் தொலைந்தது என்று தெரிந்துகொண்டு, வருவதானாலும் போவதானாலும் அவள் இஷ்டம்.

இதைச் சாமிதுரையிடம் கொடுத்தனுப்பப் போவதில்லை. தபால் ஆபீசுக்கு நானே போகிறேன்.

இப்படிக்கு,
கமலவேணி

இணைப்பு: தந்திப் படிவம், 9-11-2000. "அப்பா காலமானார். உடனே புறப்படு. அம்மா."


தந்தி
பெரம்பலூர், 6-1-2005, காலை 10.20
பெறுபவர்: கமலவேணி கிருஷ்ணமூர்த்தி, அரியலூர்

தந்தி கிடைத்தது. புறப்படுகிறேன். பிரவீணா.